பின்ன வகுத்தல்: திருப்பிப் போடுவதற்கு முன்னால் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

கேள்வி இது: "வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். ஆறாவது, ஏழாவது பிள்ளைகள் ¾ ÷ ½ என்று கொடுத்தால் திருப்பிப் போட்டுப் பெருக்கி விடையை எழுதிவிடுகிறார்கள். அதையே வார்த்தைக் கணக்காகக் கொடுத்தால் 'சார், பெருக்கணுமா, வகுக்கணுமா?' என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். படம் போட்டு விளங்கவைக்கும் வழி உண்டா?"

உண்டு. ஆனால் படம் போட ஆரம்பிப்பதற்கு முன்னால் கரும்பலகையில் 1¾ ÷ ½ என்று எழுதிவிட்டு, "விடை வேண்டாம், இதுக்கு ஒரு கதை சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "ஒன்றேமுக்கால் லிட்டர் பாலை ரெண்டு பேருக்குச் சரிபாதியா ஊத்தணும்" என்றுதான் வரும். அது 2 ஆல் வகுப்பது. ½ ஆல் வகுப்பது இல்லை. இன்னும் சிலர் "ஒன்றேமுக்காலில் பாதி எவ்வளவு?" என்பார்கள். அது ½ ஆல் பெருக்குவது. இந்த மூன்றும் பிள்ளைகள் மனதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. லிப்பிங் மா என்ற ஆய்வாளர் இதே கணக்கை அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் கொடுத்துக் கதை கேட்டார். 1999இல் அது நூலாக வந்தது. சீன ஆசிரியர்களில் 65 பேர் சரியான கதை சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் ஒரே ஒருவர். தப்பான கதை சொன்னவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுந்ததும் மேலே சொன்ன அதே இரண்டு குழிகளில்தான்.

ஆகவே முதல் வேலை, வகுத்தல் என்ன கேட்கிறது என்பதைப் பிள்ளையின் வாயால் சொல்லவைப்பது. இரண்டு கேள்விகள் போதும். "இதில் அது எத்தனை தடவை அடங்கும்?" என்பது ஒன்று. "ஒன்றுக்கு எவ்வளவு?" என்பது மற்றது. பின்ன வகுத்தலில் வரும் எந்த வார்த்தைக் கணக்கையும் இந்த இரண்டில் ஒன்றாகப் பேசிவிடலாம். எந்தக் கேள்வி என்று தெரிந்துவிட்டால் படம் தானாக வரும். தெரியாமல் வரைந்த படத்தால் பயன் இல்லை. வட்டம் வரைந்து துண்டு போட்டு வண்ணம் தீட்டிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று முழித்துக்கொண்டு நிற்பார்கள்.

வட்டம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்னம் என்றாலே தோசையையோ பீட்சாவையோ வரையும் பழக்கத்தை வகுத்தலுக்கு விட்டுவிடுங்கள். வட்டத்தை மூன்றாகவும் ஐந்தாகவும் சமமாகப் பிரிக்க நம்மாலேயே முடியாது. நீளமான பட்டை போதும். கட்டம் போட்ட நோட்டில் 12 கட்ட நீளத்துக்கு ஒரு பட்டை வரைந்தால் பாதி, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று எல்லாம் கோட்டின் மேலேயே விழும். ஐந்தில் ஒன்று வரும் கணக்குக்கு 10 அல்லது 20 கட்டம்.

முதல் கேள்வியை அரிசியை வைத்து ஆரம்பிக்கலாம். நம் பக்கத்து வீடுகளில் உலைக்கு அரிசி அளக்க ஆழாக்கும் உழக்கும் இன்னும் கிடக்கின்றன. ஒரு படிக்கு நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. "இரண்டரைப் படி அரிசி இருக்கு. வேளைக்கு ஒரு உழக்கு போட்டா எத்தனை வேளைக்கு வரும்?" பட்டையில் இரண்டு முழுப் படி, ஒரு அரைப் படி வரைந்து, கால் காலாகக் கோடு போட்டால் பத்து துண்டு. 2½ ÷ ¼ = 10. இங்கேயே நின்று, "வகுத்தா குறையணுமே, எப்படிக் கூடிச்சு?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். வகுத்தால் விடை சின்னதாகும் என்ற எண்ணம் மூன்றாம் வகுப்பிலிருந்து ஊறிப்போனது. அதை எடுத்துப் பேசாவிட்டால் சரியான விடை வந்தாலும் பிள்ளை அதைச் சந்தேகப்பட்டு அழித்துவிடும். அளக்கும் பாத்திரம் சின்னதாக ஆக, அளக்கும் தடவை கூடும். உண்மையான ஆழாக்கால் ஒரு முறை அளந்து காட்டினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அப்புறம், ஒரே பகுதி (கீழே உள்ள எண்) உள்ள பின்னங்கள். ¾ ÷ ¼, ⅚ ÷ ⅙, ⅘ ÷ ⅖ என்று கொடுங்கள். ⅘இல் ⅖ எத்தனை? நாலு துண்டில் இரண்டு துண்டு எத்தனை தடவை அடங்கும் என்பதுதானே? இரண்டு. பகுதி ஒன்றாக இருந்தால் தொகுதியை (மேலே உள்ள எண்) தொகுதியால் வகுத்துவிடலாம். இதை ஒரு விதியாகச் சொல்லாமல், நாலைந்து பட்டை வரைந்த பிறகு அவர்களே கண்டுபிடித்துச் சொல்லும்வரை பொறுங்கள். கண்டுபிடித்துவிட்டால் வேற்றினப் பின்னம், அதாவது பகுதி வேறு வேறாக உள்ள பின்னங்கள், வரும்போது பயப்பட மாட்டார்கள். சமான பின்னமாக மாற்றி ஒரே பகுதிக்குக் கொண்டுவந்தால் ஆயிற்று. ½ ÷ ⅓ என்றால் 3/6 ÷ 2/6, அதாவது 3 ÷ 2, ஒன்றரை.

இது ஒன்றும் புது வழி இல்லை. ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி என்று நிலத்தை அளந்த ஊர் நம்முடையது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தால், நில அளவு வேலியில் தொடங்கி, மா, காணி, முந்திரி என்று இறங்கிக்கொண்டே போகும். மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. பெரிய அளவில் அடங்காததைச் சின்ன அளவுக்கு மாற்றி எண்ணுவதும், பகுதியைச் சமப்படுத்தி எண்ணுவதும் ஒரே வேலைதான். படியை உழக்காக மாற்றினால் பின்னமே காணாமல் போய்விடுகிறது பாருங்கள்.

இப்போது மீதி. பின்ன வகுத்தலில் பிள்ளைகள் அதிகமாகத் தவறும் இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். இதற்கு ஒரு வகுப்பு முழுவதையும் செலவழித்தாலும் தப்பில்லை.

"ஒன்றேமுக்கால் லிட்டர் நெய் இருக்கு. அரை லிட்டர் பாட்டில்ல ஊத்தறோம். எத்தனை பாட்டில்?" 1¾ ÷ ½. பட்டை இப்படி வரும்:

[ ½ ][ ½ ][ ½ ][¼]

பிள்ளை எண்ணும்: "மூணு பாட்டில், மீதி கால்." அப்படியானால் விடை? "மூணேகால், சார்." நோட்டில் திருப்பிப் போட்டுப் பெருக்கிய விடையோ 7/4 × 2 = 14/4, அதாவது 3½. எது சரி? சண்டை வரட்டும். அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பிறகு கேளுங்கள்: "மிச்சம் இருக்கிறது கால் என்ன? கால் லிட்டரா, கால் பாட்டிலா?" கால் லிட்டர். "அது பாட்டில்ல எவ்வளவு நிறையும்?" பாதி. அப்படியானால் மூன்றரைப் பாட்டில். கால் லிட்டரும் அரைப் பாட்டிலும் ஒரே நெய்தான். கணக்கு பாட்டிலை எண்ணச் சொன்னதால் மீதியையும் பாட்டிலால்தான் அளக்க வேண்டும்.

எது 'ஒன்று' என்பது பாதி வழியில் மாறிவிடுகிறது. பிள்ளைகள் திணறுவதற்கு அதுதான் காரணம். நெய்யை அளக்கும்போது ஒரு லிட்டர் 'ஒன்று'. பாட்டிலை எண்ணும்போது ஒரு பாட்டில் 'ஒன்று'. ஆகவே பட்டைக்கு மேலே லிட்டர் கணக்கையும் கீழே பாட்டில் கணக்கையும் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். மேலே ½, 1, 1½, 1¾. கீழே அதற்கு நேராக 1, 2, 3, 3½. இரண்டு வரி எண்ணும் ஒரே பட்டையில் இருந்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். விடை எழுதும்போது "3½" என்று மட்டும் எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். "3½ பாட்டில்" என்று அலகோடு எழுத வேண்டும். "எத்தனை பாட்டில் வாங்கணும்?" என்று அதே கணக்கைத் திருப்பிக் கேட்டால் விடை நாலு. கடையில் அரைப் பாட்டில் விற்க மாட்டார்கள் அல்லவா?

சின்ன பின்னத்தைப் பெரிய பின்னத்தால் வகுப்பது அடுத்த தடை. ⅔ ÷ ¾. "சின்னதுல பெருசு எப்படி சார் அடங்கும்?" என்பார்கள். முழுதாக அடங்காது. எவ்வளவு பங்கு அடங்கும் என்பதுதான் கேள்வி. இங்கே பட்டையைவிட வயல் படம் நன்றாக வேலை செய்யும். ஒரு செவ்வகம் வரையுங்கள். அது ஒரு மா நிலம். குறுக்கே மூன்று வரிசை, நெடுக்கே நாலு பத்தி வருமாறு வரப்பு போட்டால் 12 பாத்தி. ⅔ மா என்பது இரண்டு வரிசை, 8 பாத்தி. ¾ மா என்பது மூன்று பத்தி, 9 பாத்தி. பம்புசெட் ஒரு மணி நேரம் ஓடினால் ¾ மா நனையும். நம் வயல் ⅔ மா. எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? 9 பாத்திக்கு ஒரு மணி என்றால் 8 பாத்திக்கு 8/9 மணி. ஒரு மணிக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. வர வேண்டியதும் அப்படித்தான். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்று தனியாகப் படித்த 12 இங்கே வரப்பாகக் கண்ணில் தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம்: "ஒன்றுக்கு எவ்வளவு?" முழு எண்ணில் இது எளிது. 12 மாம்பழத்தை 3 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு 4. பின்னம் வந்ததும் இதே கதை உடைந்துவிடும். "ஒன்றேமுக்கால் ஏக்கரை அரை ஆளுக்குப் பிரி" என்று யாரும் பேச மாட்டார்கள். ஆளை விட்டுவிட்டு நேரம், தூரம், எடை, நிலம் என்று போனால் கதை பிழைத்துக்கொள்ளும். "முக்கால் மூட்டை யூரியாவை ஒன்றரை ஏக்கருக்குப் போட்டோம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை?" ¾ ÷ 1½. பதில் அரை மூட்டை என்று வரப்பில் நிற்பவர் யோசிக்காமலே சொல்வார்.

தலைகீழாக்கிப் பெருக்கும் விதி எங்கிருந்து வருகிறது என்பதை இந்த வகைக் கணக்குதான் நன்றாகக் காட்டும். இதை எடுத்துக்கொள்ளுங்கள்: "டிராக்டர் முக்கால் மணி நேரத்தில் 2 மா உழுதது. அதே வேகத்தில் ஒரு மணிக்கு எத்தனை மா?" இரண்டு பட்டை, ஒன்றின்கீழ் ஒன்று. மேல்பட்டை ஒரு மணி. அதை நாலு காலாகப் பிரித்து மூன்றை நிழலிடுங்கள். கீழ்பட்டை நிலம்; நிழலிட்ட மூன்று காலுக்கு நேராக 2 மா. ஒரு கால் மணிக்கு எவ்வளவு? இரண்டை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: ⅔ மா. முழு மணிக்கு அதுபோல நாலு: 4 × ⅔ = 8/3, அதாவது 2⅔ மா. என்ன செய்தோம்? 3 ஆல் வகுத்தோம், 4 ஆல் பெருக்கினோம். 2 × 4/3. ¾ புரண்டு 4/3 ஆனது மந்திரத்தால் இல்லை. முதலில் ஒரு காலைக் கண்டுபிடித்தோம், பிறகு நாலு காலைச் சேர்த்தோம், அவ்வளவுதான். இதையே ⅖ மணி, ⅚ மணி என்று எண்ணை மாற்றி இரண்டு மூன்று தடவை செய்தால், "தொகுதியால வகுக்கிறோம், பகுதியால பெருக்குறோம்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். அன்றைக்கு 'தலைகீழி' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

முதல் கேள்வியிலிருந்தும் அதே இடத்துக்கு வரலாம். ஒரு லிட்டரில் ¾ லிட்டர் எத்தனை? முழுதாக ஒன்று போக, மிச்சம் ¼ லிட்டர். அது ¾ லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆக 1⅓, அதாவது 4/3. ஒரு லிட்டரில் 4/3 தடவை என்றால் 5 லிட்டரில் 5 × 4/3 தடவை. தலைகீழி என்பது 'ஒன்றில் எத்தனை' என்ற கேள்விக்கு விடை. இரண்டு வழியையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். முதலாவது ஊறின பிறகு இதைக் காட்டினால், வேறு வழியாக வந்தும் அதே விதிதானா என்று அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

விதியே வேண்டாம், படம் மட்டும் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 17/24 ÷ 5/36 என்று வந்தால் யாரும் படம் வரைந்துகொண்டிருக்க முடியாது. திருப்பிப் பெருக்கும் விதியை ஒன்பதாம் நூற்றாண்டில் கணிதசார சங்கிரகம் எழுதிய மகாவீரரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு மேல் நின்ற விதி அது. விதி சுருக்கு வழி. முதல் வாரத்திலேயே அதைக் கொடுத்துவிட்டால் கதையைப் படிக்கும் பொறுமை போய்விடும் என்பதுதான் என் கவலை. ஏற்கெனவே விதி தெரிந்து வந்திருக்கும் உங்கள் பிள்ளைகளிடம் "மறந்துவிடு" என்று சொல்ல முடியாது. முதலில் படத்தில் விடை, பிறகு விதியால் சரிபார்ப்பு என்று வரிசையை மட்டும் மாற்றிவிடுங்கள்.

கலப்பு பின்னத்தில் வரும் தவறு வேறு மாதிரியானது. 2½ ÷ ½ என்றால் முழு எண்ணைத் தனியே விட்டுவிட்டு ½ ÷ ½ மட்டும் செய்து, 2 + 1 = 3 என்று எழுதுவார்கள். பட்டை வரைந்தால் ஐந்து அரை கண்ணில் படும். தகா பின்னமாக மாற்றும் பழக்கம் (2½ஐ 5/2 என்று எழுதுவது) வந்துவிட்டால் இது தானாக நின்றுவிடும்.

சரி, "பெருக்கணுமா, வகுக்கணுமா?" என்ற கேள்விக்கு வருவோம். 'பங்கு', 'பிரி' என்ற சொல் வந்தால் வகு, 'மொத்தம்' வந்தால் பெருக்கு என்று சில வழிகாட்டிகளில் போட்டிருப்பார்கள். அதைச் சொல்லிக்கொடுக்கவே கூடாது. "அரை மா நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு உளுந்து" என்பதில் பங்கு இருக்கிறது, அது பெருக்கல். "மொத்தம் 6 மா உழ வேண்டும், மணிக்கு 2⅔ மா" என்பதில் மொத்தம் இருக்கிறது, அது வகுத்தல். சொல்லைத் தேடுவதற்குப் பதிலாக, எண்ணை மூடிவைத்துக் கதையை மட்டும் படிக்கவையுங்கள். "கொஞ்சம் நெய் இருக்கு. அதைப் பாட்டில்ல ஊத்தறோம். எத்தனை பாட்டில்?" என்ன கேட்கிறார்கள் என்று சொந்த வார்த்தையில் சொன்ன பிறகு எண்ணைக் காட்டுங்கள். இன்னொரு உபாயம், பின்னத்துக்குப் பதில் 6, 2 என்று எளிய எண்ணைப் போட்டுப் பார்ப்பது. "6 லிட்டர் நெய், 2 லிட்டர் டின், எத்தனை டின்?" வகுத்தல் என்று உடனே தெரியும். எண் மாறினாலும் செயல் மாறாது. தேர்வறையில்கூட அரை நிமிடத்தில் செய்துவிடலாம்.

படத்தில் தேர்ந்த பிறகு மூன்று கதையைப் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள். மூன்றிலும் வீட்டில் இருப்பது ஒன்றேமுக்கால் கிலோ வெல்லம். முதல் கதையில் அதை இரண்டு வீட்டுக்குச் சமமாகக் கொடுக்கிறார்கள். இரண்டாவதில் அரைக் கிலோப் பொட்டலமாகக் கட்டுகிறார்கள். மூன்றாவதில் அதில் பாதியைப் பொங்கலுக்கு எடுக்கிறார்கள். எது ÷ 2, எது ÷ ½, எது × ½? முதலுக்கும் மூன்றாவதுக்கும் விடை ஒன்றாக ⅞ கிலோ வரும்; இரண்டாவதுக்கு 3½ பொட்டலம். விடையைக் கேட்காமல் படத்தை மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் சரியாகப் படம் போட்டுவிட்டால், இவ்வளவு நாள் கலந்து கிடந்தது பிரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசிக் கட்டம், கணக்கைப் பிள்ளைகளே உண்டாக்குவது. வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாகப் பிடிக்கிறார்கள், விலையைக் குவிண்டாலுக்குச் சொல்கிறார்கள். ஒரு குவிண்டாலுக்கு இரண்டரை மூட்டை. குவிண்டால் 2500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூட்டைக்கு என்ன? 2500 ÷ 2½ = 1000. விவசாய வீட்டுப் பிள்ளை யாராவது இதை மறுநாள் கொண்டுவரும். இது எந்தக் கேள்வி என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். "ஒன்றுக்கு எவ்வளவு" என்று சொல்லி, இரண்டு பட்டையும் வரைந்து, மேலே மூட்டையும் கீழே ரூபாயும் எழுதினால் முழு மதிப்பெண் போடலாம். "அரை ஆள்", "ஒன்றேகால் மாடு" என்று கதை வந்தாலும் தள்ளிவிடாதீர்கள். அந்த எண்ணை எந்தப் பொருளுக்கு மாற்றினால் கதை நிற்கும் என்று வகுப்பையே திருத்தவிடுங்கள். ஒரு பீரியட் அதிலேயே போய்விடும்.